குகைக்குள் என் முறை வந்தபோது

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமைக்கு மரியாதை கிடையாது. அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்குக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எந்த நெசவு வீட்டிலும் தறியில் உட்கார மாட்டார்கள். அதனால் நான்கு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து எங்காவது போவதென்றால் அது அமாவாசையில்தான் நடக்கும், பெரும்பாலும் ஏதாவது கோயிலாகத்தான் இருக்கும். இந்த ஆவணி அமாவாசைக்குப் பக்கத்து வீட்டுச் சாயக்காரர்தான் மாற்றிப் பேசினார். நம் ஊரில் இல்லாத கோயிலா, ஆந்திர எல்லையில் ஒரு காடு இருக்கிறதாம், உள்ளே வரிசையாகக் குகைகளாம், வனத்துறைக்காரர்களே கூட்டிப்போய்க் காட்டுகிறார்களாம் என்றார். தெருவில் எல்லாரும் தலைக்கு மேல் கையைத் தூக்கிவிட்டார்கள்.

எனக்கு இஷ்டமில்லை. தறியில் ஒரு புடவை முக்கால்வாசியில் நின்றிருந்தது. ஆனால் அமாவாசையன்று நெய்யவும் முடியாது. வீட்டில் இருந்தால் நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் குகையே தேவலை என்று கிளம்பினேன்.

விஷயம் இதுதான். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளுக்கு மாசியில் குழந்தை பிறந்தது. பிரசவ விடுப்பு முடிந்து அவள் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மனைவி ஒரு வருடம் அங்கே போய் இருக்கப் போகிறாள். இன்னும் பத்து நாளில் பயணம். இந்த ஏற்பாடு எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், மகள் போனில் சொன்னாள். "அம்மா வராங்கன்னதும் எனக்கு உயிரே வந்துச்சுப்பா" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு இடது காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "ஆமாம்மா, ஆமா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அடுப்படியில் என் மனைவி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

முப்பது வருடம் ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். எங்களுடையது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. நான் நடுவில் உட்காருவேன், அவள் என் வலது பக்கம். குறுக்கு நூலை ஏந்தி ஓடும் என் நாடாவை நான் போட்டதும் அவள் கரைநாடாவைப் போட வேண்டும். அப்படிப்பட்டவள் ஒரு வருடம் போகிறேன் என்று முடிவெடுத்திருக்கிறாள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? அது வேறு. கேட்கவில்லையே!

நானாக வாயைத் திறக்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். இதில் கொடுமை என்னவென்றால், தப்புச் செய்த அவளே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வைகாசியிலிருந்து அப்படித்தான். சாப்பாடு போட்டாயிற்று, தண்ணீர் வந்துவிட்டது, ஊடை நூல் தீரப்போகிறது. இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு, அதிலும் பாதி கைஜாடை. அவள் ரயில் ஏறுவதற்குள் எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும், ஏன் என்னைக் கேட்கவில்லை என்று. பத்து நாள்தான் இருந்தது. உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை, படுத்தால் தூக்கம் வரவில்லை.

வேனில் எங்கள் இருவருக்கும் ஒரே சீட்டு. எனக்கு உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. தறியின் மிதிப்பலகை இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் பஸ்ஸில் போனால் அவள் என் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்துவாள். அன்றைக்கு அரக்கோணம் தாண்டி, திருத்தணி தாண்டி, நான் வேனின் தரையை உதைத்துக்கொண்டே வந்தேன், அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். முன்சீட்டிலிருந்து சாயக்காரர் திரும்பி ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். இப்போதெல்லாம் மனிதர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. டிவியில் செய்தி வாசிப்பவன்கூட முணுமுணுக்கிறான்.

காட்டின் வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். காக்கிச்சட்டை, இடுப்பில் டார்ச், முப்பது வயதிருக்கும். அவள்தான் வாட்சர், அவள்தான் வழிகாட்டி. தெலுங்கு கலந்த தமிழ். பிளாஸ்டிக் பைகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டாள். குகை வாசலில் மலைத்தேனீ கட்டியிருக்கிறது, வாசனை ஆகாது என்று பெண்கள் தலையிலிருந்த மல்லிப்பூவையும் எடுக்கச் சொன்னாள். பிறகு அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காஞ்சிபுரம்னு சொன்னீங்க, ஒருத்தர்கூட பட்டு கட்டலயே?"

"நெய்யறவங்க எங்கமா கட்டறாங்க?" என்றாள் சாயக்காரரின் மனைவி. பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊர்க்காரர்களோடு சிரிக்க மட்டும் முடிகிறதாக்கும் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

குகைக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் முள்ளும் உசிலை மரமும், இடையிடையே வீடு அளவுக்குப் பாறைகள். மற்றவர்கள் நின்று நின்று போட்டோ எடுத்தார்கள். மரத்தில் கீறல் இருந்தால் அதற்கு ஒரு போட்டோ, சாணம் கிடந்தால் அதற்கு ஒரு போட்டோ. என்னால் அந்த நடை நடக்க முடியவில்லை. விறுவிறுவென்று முன்னால் போய்க்கொண்டிருந்தேன். வேகமாகப் போனால் வேகமாகத் திரும்பலாம், திரும்பினால் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது, ஆனாலும் போனேன். திடீரென்று அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்து என் எதிரில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஆகண்டி, ஆகண்டி! முன்னாடி போவாதீங்க ஐயா, கரடி நடமாட்டம் இருக்குது. மூணு தபா கத்திட்டேன்."

"நீ கத்தினாத்தானேமா கேக்கும்? மெல்லமா சொன்னா எப்படி?" என்றேன்.

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பின்னால் வந்துகொண்டிருந்த என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கும் சேர்த்து மனதில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் குகை ஒரு கல்யாண மண்டபம் அளவு இருந்தது. கூரை இடிந்து நடுவில் வெயில் விழுந்தது. இரண்டாவதில் தரைப்பாறையைத் தலையணை மேட்டோடு படுக்கைபோல் செதுக்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் சமணத் துறவிகள் தங்கியது என்றாள் வாட்சர். "நம்ம திருப்பருத்திக்குன்றம் ஜைனக் கோயில் ஆளுங்களா?" என்று சாயக்காரர் கேட்டார். அதற்கெல்லாம் ரொம்ப முந்தி என்றாள் அவள். அந்தக் கல்லில் படுத்துப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. நான் படுக்கவில்லை. வெறும் கல்லில் அசையாமல் படுத்துக் கிடக்க எப்படி மனது வந்தது அவர்களுக்கு என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது குகைக்குத்தான் விளக்கு வைத்த ஹெல்மெட் கொடுத்தார்கள். நுழையும் வழி இடுப்புயரம்கூட இல்லை, தவழ்ந்து போக வேண்டும். என் மனைவி எனக்கு முன்னால் போனாள். ஒரு வளைவில் பாறை வழுக்கலாக இருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே பின்பக்கம் கையை நீட்டினாள், பிடித்துக்கொள் என்று. நான் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியே வைத்திருந்தாள், அப்புறம் எடுத்துக்கொண்டாள். இப்போது நினைத்தாலும் அதற்காக என்னை நானே ஒரு அறை வைக்கலாம்போல் இருக்கிறது.

உள்ளே போய் நிமிர்ந்தால் வட்டமான ஓர் அறை. கூரை முழுக்க வௌவால்கள் அப்பிக்கொண்டிருந்தன. நெடி மூக்கைத் துளைத்தது. வாட்சர் எங்களை வட்டமாக உட்காரவைத்தாள். சாயக்காரர், அவர் மனைவி, இன்னும் சிலர், கடைசியில் என் மனைவி, அவளுக்குப் பக்கத்தில் நான்.

"எல்லாரும் லைட்ட அணைங்க. யாரும் எழுந்திரிக்கக்கூடாது" என்றாள் அவள். ஒவ்வொரு விளக்காக அணைந்தது. கடைசியாக அவள் விளக்கும் அணைந்தது.

அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. கையை மூக்குக்கு எதிரே கொண்டுவந்தேன், தெரியவில்லை. கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. எங்கள் தெருவாசிகள் இத்தனை பேர் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. நடுவில் எங்கோ தூரத்தில் முழங்கியதுபோல் இருந்தது. இடி என்று நினைத்தேன். மழை வந்தால் ஈரத்தில் தறியிலுள்ள பாவு நூல் தொய்ந்துவிடும், வீட்டின் பின்பக்க ஜன்னலைச் சாத்தினோமா என்று கவலை பிடித்துக்கொண்டது. கால் ஆடியது. எழுந்து ஓடிவிடலாம் என்றால் எந்தப் பக்கம் ஓடுவது?

அப்போதுதான் தோன்றியது. முகம் தெரியவில்லை. அவள் உதட்டைச் சுழிப்பது தெரியாது, கண்ணைத் திருப்புவது தெரியாது. கேட்பதானால் இப்போது கேட்டுவிடலாம். இப்போது விட்டால் பத்து நாளிலும் கேட்கப்போவதில்லை. அவள் பக்கம் சாய்ந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி, ரகசியமாகச் சொன்னேன்.

"ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

பதில் இல்லை. சரி, இருட்டில்கூட இவளுக்கு என்னோடு பேச மனமில்லை என்று நினைத்தேன். திரும்பச் சொன்னேன். "ஒரு வருஷம் உட்டுட்டுப் போறியே, ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

சட்டென்று விளக்கு எரிந்தது. எல்லாருடைய முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சாயக்காரரின் வாய் ஏதோ பேச்சின் நடுவே நின்றதுபோல் திறந்திருந்தது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வாட்சர் என் மனைவியிடம் ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது, ஆனால் அவள் முகம் பக்கவாட்டில் இருந்ததால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மனைவி மட்டும் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அல்லது சொன்னார்கள், எனக்குத் தெரியாது. குகை வாசலுக்குக் கீழே ஒரு புங்க மரத்தடியில் மந்தாரை இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த மிளகு இட்லியைப் பிரித்தார்கள். சாயக்காரர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். அவமானத்தில் எனக்கு முகம் கொதித்தது.

"அண்ணா, ரகசியம் பேசறதா நெனச்சுக்கினு கத்தினியே, குகையே அதிர்ந்து போச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "லைட்ட அணைச்சப்புறம் அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சு தெரியுமா? வரிசையா ஒவ்வொருத்தரா, காதுல இன்னா சத்தம் கேக்குதுன்னு சொல்லணும்னுச்சு. நான் வௌவால் ரெக்கைன்னேன். என் சம்சாரம் தண்ணி சொட்டுதுன்னா. எல்லாரும் சொன்னோம். அண்ணி, 'இவரு கால் ஆட்டற சத்தந்தான் கேக்குது'ன்னாங்க. உயுந்து உயுந்து சிரிச்சோம். அப்புறம் உன் முறை. அந்தப் பொண்ணு மூணு தபா கூப்டுச்சு. அண்ணியும் கூப்டாங்க. அதுக்கு நீ சொன்ன பதில்தான் அது."

"நீங்க யாரும் பேசலயே" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். இடி என்று நான் நினைத்தது அவர்கள் சிரிப்பு. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, எதிரே நின்ற எங்கள் வேன் டிரைவர் கையைக் காட்டி என் பின்னால் பார்க்கச் சொன்னார். திரும்பினேன். என் மனைவி நாலடி தூரத்தில் நின்றிருந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. எனக்குப் பின்னால் நின்றுகொண்டு கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், பல தடவை. நான் அசையவில்லை.

வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தாள், தறியில் உட்காரும் அதே பக்கம். எதிரே இருந்த பாறையையே பார்க்கச் சொல்லி ஜாடை காட்டினாள். பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் முகத்தைத் திருப்பி, "இப்ப நான் பேசினது கேட்டுச்சா?" என்றாள். இல்லை என்றேன். எழுந்து இடது பக்கம் வந்தாள். காதுக்கு அருகே அவள் சொன்னது கொஞ்சம் கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல். ஊருக்குத் திரும்பியபின் டாக்டரும் அதைத்தான் சொன்னார். இரண்டு காதும் மந்தம், வலது காது ரொம்ப மோசம். வெளிச்சத்தில் வாயைப் பார்த்தே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். தறி ஓடும் வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், பாதி ஜாடைதான். அங்கே செவிடு யார், இல்லாதவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவள் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நான் வாயைப் பார்க்க வசதியாக.

"நான் கேட்டேன்" என்றாள்.

"எப்ப?"

"வைகாசியில. தறியில உக்காந்துக்கினு இருந்தோம். 'பொண்ணு கூப்புடுது, ஒரு வருஷம் போயி இருந்துட்டு வரட்டுமா'ன்னு கேட்டேன். நீங்க தலைய ஆட்டினீங்க."

எங்கள் தறியில் தலையை ஆட்டினால், என் நாடா போட்டாயிற்று, இனி உன் நாடாவைப் போடு என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை ஆட்டுவேன். கண் துணியில் இருக்கும், அவள் பக்கம் திரும்புவதே இல்லை. அவள் இழுத்துப் பிடித்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்ட கேள்விக்குப் பதிலாக அந்தத் தலையாட்டல் போய் விழுந்திருக்கிறது.

"நாடாவக்கூட நிறுத்தல நீங்க" என்றாள். "ஒரு வருஷம் போறேன்னு சொல்றேன். ஏன், எதுக்கு, எப்ப வருவேன்னு ஒண்ணு கேக்கல. தலைய ஆட்டிட்டு அடுத்த நாடாவப் போட்டுட்டீங்க. முப்பது வருஷம் பக்கத்துல உக்காந்ததுக்கு நான் அவ்ளோதானான்னு இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு."

எனக்கு அழுகை வந்தது. மூன்று மாதம் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, நானே வக்கீலாகவும் ஜட்ஜாகவும் இருந்திருக்கிறேன். அவளும் தன் பங்குக்கு அப்படியே செய்திருக்கிறாள். ஒரே தட்டில் பிசைந்த சோற்றை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்றிருக்கிறோம்.

"இப்ப கேளு" என்றேன்.

"இன்னாத்த?"

"அன்னைக்குக் கேட்டத்த. திரும்பக் கேளு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். மற்ற மூணு குடும்பமும் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து முழங்காலில் நின்று, என் இடது காதில் வாயை வைத்தாள்.

"பொண்ணு கூப்புடுது. ஒரு வருஷம் போயி இருந்துட்டு வரட்டுமா?"

கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. குழந்தை நினைவுக்கு வந்தது. மகள் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. போய்த்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

"போயிட்டு வா" என்றேன்.

அவள் அசையாமல் இருந்தாள். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ இல்லாம எனக்குக் கஷ்டமா இருக்கும்" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. மரத்தடியில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

அவள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, தன் காதுப்பக்கம் கையைக் குவித்து வைத்துக்கொண்டாள்.

"எனக்குச் சரியா கேக்கல. இன்னொரு தபா சொல்லுங்க."

அவளுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. நான் இன்னொரு தடவை சொன்னேன்.